சோம்பேறிச் சட்டி

ஒக்டோபர் 6, ஞாயிறு

இந்த டயறி தமிழ்க் கடையில் வருடத் தொடக்கத்தில் இலவசமாகத் தந்தது. இவ்வளவு நாளும் இழுப்பறைக்குள் கிடந்தது. இன்றைக்குத்தான் அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது.

சறோ மச்சாள் தன் வீட்டில் பாவிக்காமல் இருந்த ஸ்லோ குக்கரைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். அவர் என் மனுசனுடைய தமக்கை. எதற்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று எழுதிவைத்தால்தான் கை பழகும் என்று சொன்னார். ஆகவே இது சமையல் குறிப்பு மட்டும். கதை அளக்கிற உத்தேசம் இல்லை.

கனமான பீங்கான் சட்டி ஒன்று. அதை இறக்கிவைக்க மின்சாரக் கூடு. மேலே கண்ணாடி மூடி. முன்னால் ஒரு திருகி, அதில் ஹை, லோ, வார்ம். காலையில் வைத்தால் பின்னேரம்தான் வேகுமாம். ஒரு பருப்புக்கு ஒரு பகல்! விசில் இல்லை, கொதிக்கிற சத்தம் இல்லை, வேலை செய்கிறதா நித்திரை கொள்கிறதா என்று யாருக்கும் தெரியாது. நான் இதற்கு வைத்திருக்கும் பெயர் சோம்பேறிச் சட்டி.

போகும்போது மச்சாள் வாசலில் நின்று ஒன்று சொன்னார்.

"மூடியை மட்டும் திறந்து திறந்து பாக்கக் கூடாது. ஒருக்காத் திறந்தால் பிடிச்ச சூடெல்லாம் போயிடும். உம்மட குணத்துக்கு அதுதான் கஷ்டமா இருக்கும்."

எனக்கு இது தேவைப்பட்டதற்குக் காரணம் வேலை. நான் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் பெரிய பாத்திரங்கள் கழுவுகிறவள். இந்த மாதம் முதல் மத்தியானம் போய் இரவுச் சாப்பாடு முடிந்து வருகிற முறை எனக்கு. இவர் லொறி ஓட்டுகிறவர், மேற்கே போனால் வாரக் கடைசியில்தான் முகத்தைக் காணலாம். மகள் ஆரணி பள்ளிக்கூடத்தால் வெறும் வீட்டுக்கு வருகிறாள். வந்து குளிர்ப்பெட்டியைத் திறந்து மூடிவிட்டு மாடிக்குப் போய்விடுகிறாள். மெலிந்துபோனாள். பொங்கலுக்குத் தைத்த சட்டை தோளில் நிற்கமாட்டேன் என்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சை, படிப்பு. வரும்போது சூடாக ஏதாவது இருந்தால் சாப்பிடுவாள்.

ஒக்டோபர் 9, புதன்

பருப்பும் பூசணிக்காயும். தண்ணீர் கூடிவிட்டது. இந்தச் சட்டியில் ஆவி வெளியே போவதில்லை, ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடி இருக்கும். அடுத்த முறை பாதி போதும். தாளிதம் கடைசியில்தான், முதலே போட்டால் வாசம் செத்துவிடுகிறது.

வேலையால் வந்து பார்த்தேன். சட்டி காலி. அதுமட்டுமல்ல, கழுவித் துடைத்துத் துணியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். தேத்தண்ணி குடித்த கோப்பையைக்கூட மேசையில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளை! குசினி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோசமாக இருந்தது, வேறு சொல் தெரியவில்லை.

ஒக்டோபர் 14, திங்கள்

விடுமுறை. இவரும் வீட்டில். கோழியும் முருங்கையிலையும். கோழிக்குத் தண்ணீரே வேண்டாம், தானாக விடுகிறது.

மூடியைத் திறந்தேன். ஒன்று இரண்டு தடவை இருக்கும். சரி, அதற்கு மேல். வாசம் வருகிறது, குமிழ் வரவில்லை, மனம் கேட்கவில்லை. ஆரணி மேசையில் இருந்து படித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், அம்மா, திறக்காதேங்கோ, நீங்கள்தானே சொன்னனீங்கள் என்றாள். இவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்படித் திறந்து திறந்து பார்த்ததில் சாப்பாடு பிந்திவிட்டது. அதற்குள் ஆரணி சிநேகிதி வீட்டில் பீட்சா சாப்பிட்டதாகச் சொல்லி, கோழியில் ஒரு துண்டைச் சாப்பாட்டுக் கோப்பையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடத்திக்கொண்டிருந்தாள். சிநேகிதி வீட்டுக்கு எப்போது போனாள் என்று யோசித்தேன். காலையில் தொடங்கி மேசையில்தானே இருந்தாள். நான் குளிக்கப் போன நேரமாக இருக்கும்.

"விடுமப்பா. இந்தக் காலத்துப் பிள்ளையள் இப்பிடித்தான்," என்றார் இவர்.

வீட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிறாள். ஹீட்டரைக் கூட்டச் சொன்னேன், எங்கள் இரண்டு பேருக்கும் வேர்த்தது. குளியலறை வடிகாலில் கைப்பிடியாகத் தலைமயிர். இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை. தேங்காய் எண்ணெய் வைக்கலாம் என்றால் கிட்ட விடுகிறாளில்லை.

ஒக்டோபர் 17, வியாழன்

குசினித் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றி, பம்ப் வைத்து இழுத்தேன். பருப்பு வந்தது. சதுரமாக வெட்டின கரட் வந்தது. நான் வெட்டின கரட்தான், என் வெட்டு எனக்குத் தெரியும். சட்டியில் ஒட்டியிருந்தது கழுவும்போது போயிருக்கும்.

ஆனால் ஒன்று. சுடுகிற பீங்கானில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். பிள்ளைக்கு அது தெரியாது. சட்டியைக் கழுவவேண்டாம், ஆற விட்டுவை, நான் வந்து கழுவுகிறேன் என்று சொன்னேன். படியில் நின்றபடி என்னைப் பார்த்தாள்.

"நான் கழுவினால் என்ன?"

"வெடிச்சிடும் பிள்ளை."

சரி என்றாள். ஏனோ உடனே மேலே போகவில்லை. அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

ஒக்டோபர் 19, சனி

நெய். இது எனக்கு முதலே வந்திருக்கவேண்டிய யோசனை. சாப்பிடுகிறாள், ஆனால் உடம்பில் ஒட்டவில்லை. அப்படியென்றால் சாப்பாட்டில் சத்து இல்லை என்றுதானே அர்த்தம்? பருப்பில் நெய், சூப்பில் கஜுப் பருப்பை அரைத்துக் கட்டிப் பாலாக. வாசம் தெரியாமல் மிளகைக் கூட்டிவிட்டேன். குழந்தையாக இருக்கும்போது மருந்தை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்து ஏமாற்றினதுதானே, அதே வித்தை.

ஒக்டோபர் 21, திங்கள்

சட்டி கழுவுகிற முறை. முதலில் ஆறவிடவேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் அப்பச்சோடா போட்டு ஊறவைத்து, மெல்லிய பஞ்சால் தேய்க்கவேண்டும். கம்பிச் சுருள் கூடாது, மினுக்கம் போய்விடும். மூடியின் ரப்பர் விளிம்பைப் பழைய பல் பிரஷால். மின்சாரக் கூட்டைத் தண்ணீருக்குள் போடவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

உட்சுவரில் சாப்பாடு நின்ற மட்டத்தில் ஒரு வளையம் காய்ந்து பிடித்திருக்கும். அதுதான் கழுவக் கஷ்டம். வேலையிடத்தில் பெரிய பாத்திரங்களில் இப்படி வளையங்களைத் தினமும் பார்க்கிறவள் நான். கரண்டி கரண்டியாக எடுத்த பாத்திரத்தில் படி இறங்கினமாதிரி வளையத்துக்குக் கீழே வளையமாக இருக்கும். ஆட்கள் சாப்பிடாமல் மொத்தமாகக் குப்பையில் கவிழ்த்த பாத்திரத்தில் மேலே ஒன்று மட்டும் இருக்கும்.

எங்கள் சட்டியில் மேலே ஒன்று. நெய் சேர்ந்ததால் தடிப்பாக, மஞ்சளாக. அதற்குக் கீழே சுத்தம்.

நல்ல பசி போல. ஒரே தடவையில் சாப்பிட்டிருக்கிறாள்.

ஒக்டோபர் 24, வியாழன்

ஆட்டெலும்பு. நெய் கூட்டினேன். வளையம் ஒன்று.

ஒக்டோபர் 27, ஞாயிறு

இந்த வாரக் கடைசி இவர் வரவில்லை, போனில் கேட்டார், பிள்ளை சாப்பிடுகிறாளா என்று. சட்டி தினமும் காலி என்றேன். பார்த்தீரே, நான் சொன்னனான் என்றார். அவர் குரலில் அவ்வளவு ஆறுதல். அதைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை?

பின்னேரம் சும்மா கேட்கிறமாதிரி ஆரணியிடம் கேட்டேன், நேற்று எத்தனை தரம் போட்டுச் சாப்பிட்டாய் என்று. ஏன் கேட்கிறியள் என்றாள். சும்மா என்றேன். இரண்டு தரம் என்றாள்.

இரண்டு தரம் என்றால் இரண்டு வளையம் இருக்கவேண்டும். ஒருவேளை இந்தச் சட்டி லோவிலிருந்து வார்முக்கு ஒழுங்காக மாறுகிறதில்லையோ? சூடு குறைந்தால் வளையம் பிடிக்காது. மச்சாளிடம் கேட்கவேண்டும், எவ்வளவு பழைய சட்டி என்று. இந்தப் பகிடியெல்லாம் எனக்கு வேண்டாம், ஒரு புதுச் சட்டி வாங்கியிருக்கலாம்.

ஒக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வேலைக்கு லீவு போட்டேன். சறோ மச்சாள் வந்தார். ஆரணி நல்ல பிள்ளையாகப் பாவாடை தாவணி கட்டிக்கொண்டு வந்து எல்லோருக்கும் முன்னால் சொன்னாள், இந்த முறை கந்தசஷ்டி விரதம் பிடிக்கப்போகிறேன் என்று. ஆறு நாளும்.

மச்சாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. இஞ்ச பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு பக்தி வருமா, எல்லாம் வளர்ப்பு என்று என் கையைப் பிடித்தார். அந்த இடத்திலேயே மூன்று பேருக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். இவரும் போனில் சந்தோசப்பட்டார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு குசினியில் தனியாகப் பிடித்து, பரீட்சை வருடம், வேண்டாம் பிள்ளை, அடுத்த வருடம் பிடி என்றேன்.

"முருகனுக்கு வேண்டாம் எண்டு சொல்லுறியளோ அம்மா?"

நானும் சின்ன வயது முதல் பிடித்துவருகிற விரதம். நானே இந்த ஆறு நாளும் ஒரு நேரச் சாப்பாடுதான். என் வாயால் எப்படி மறிப்பது? எங்கள் வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று இருந்தால் அது இதுதான் என்று பார்த்துத் தெரிவு செய்தமாதிரி இருந்தது.

நவம்பர் 2, சனி

விரதம் தொடங்கிவிட்டது. சட்டிக்கு ஓய்வு. ஒரு முழுக் கழுவல் கழுவினேன். சோடாவைக் குழைத்துப் பூசி ஊறவிட்டு, அந்தப் பழைய மஞ்சள் வளையம் முழுக்கப் போகும்வரை தேய்த்தேன். இப்போது புதுச் சட்டிபோல வெள்ளையாக இருக்கிறது. துடைத்துக் கவிழ்த்துவிட்டேன்.

ஆரணி பாலும் பழமும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்கு வேலையிடத்தில் அவள் சாப்பிட்டாளா என்று நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இன்னும் ஐந்து நாளுக்கு நினைக்கத் தேவையில்லை. நிம்மதியாக இருக்கிறது. இப்போது எழுதியதை வாசித்துப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது.

நவம்பர் 4, திங்கள்

பழத்தை விட்டுவிட்டாள்.

நவம்பர் 5, செவ்வாய்

பாலையும் விட்டுவிட்டாள். மிளகும் தண்ணீரும்தானாம், முந்தி அப்படித்தான் பிடித்தார்களாம், இன்டர்நெட்டில் போட்டிருக்கிறதாம். ஒரு வாய் பால் குடி என்று கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படிவரை போனேன். விரதத்தைக் குழப்பாதேங்கோ என்றாள். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போன குரலில். பாலை நானே குடித்தேன். பிறகுதான் நானும் விரதம் என்று நினைவு வந்தது.

கோவிலில் இப்போது இவளைத் தெரியாதவர்கள் இல்லை. முன்னபின்ன தெரியாத ஒருவர் வந்து, நீங்கள்தானே அந்தப் பிள்ளையின் அம்மா என்று கேட்டு என் கையில் பூ வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். கோவில் மண்டபத்துக்குள் மூச்சுவிட இடமில்லை. சூரனுக்குத் தலை மாற்றுகிற நேரம் மேளம் ஏறியது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஆரணி என் தோளைப் பிடிக்க வந்தாள், பிடிக்கவில்லை, அப்படியே சரிந்தாள்.

சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள். உண்மையாகத்தான் எழுதுகிறேன். ஒருவர் திருநீற்றை அள்ளிப் பூசினார். யாரோ ஒரு மனுசி, முருகன் வந்திட்டார் என்று அழுதார். சறோ மச்சாள் விரதக் களைப்புத்தான், பயப்படவேண்டாம், நாளைக்குப் பாறணையோடு சரியாகிவிடும் என்று தண்ணீர் தெளித்தார்.

நான் கீழே இருந்து அவளைத் தூக்கினேன். வேலையிடத்தில் சூப்பு அண்டாக்களைத் தூக்கிப் பழகின கை. பாரத்துக்குத் தயாராகத்தான் தூக்கினேன். பாரம் வரவில்லை. புடவைக்குள் இருந்த மேற்கையைச் சுற்றிப் பிடித்தேன், என் விரல்கள் ஒன்றை ஒன்று தொட்டன.

எல்லாரும் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் பிள்ளையைப் பார்த்தேன். இவ்வளவு நாளும் நானும் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நவம்பர் 8, வெள்ளி

பாறணை. விரதம் முடிக்கிற சாப்பாடு என்பதால் விடியவே எழும்பி எல்லாம் சமைத்தேன். சாம்பாரைச் சோம்பேறிச் சட்டியில் வைத்தேன். மற்றதெல்லாம் அடுப்பில். இவர் விடிய வந்து சேர்ந்துவிட்டார். வாழையிலை போட்டு மூன்று பேரும் இருந்தோம்.

முதல் வாயை இவர் ஊட்டப் போனார். தானே சாப்பிடுவதாகச் சொன்னாள். சோற்றைக் குழைத்தாள். குழைத்தாள். திரும்பத் திரும்பக் குழைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் இலையைப் பார்க்கிறமாதிரி அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு உருண்டை பிடித்து வாய்வரை கொண்டுபோனாள். திருப்பி இலையில் வைத்தாள்.

"என்னால ஏலாதம்மா."

விரதம் முடிஞ்சுதடா, முருகன் ஒன்றும் சொல்லமாட்டார் என்றார் இவர். பாவம், அவருக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எப்போதிருந்து விளங்கியது என்று இந்த டயறியிடமே கேட்கலாம்.

கையைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இலைகளை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

நவம்பர் 10, ஞாயிறு

இன்னும் ஆஸ்பத்திரிதான். இதயத்துடிப்பு மந்தமாக இருப்பதால் மெஷின் பூட்டியிருக்கிறார்கள்.

டொக்டர் ஒரு சின்னப் பெட்டை. நோயின் பெயரைச் சொன்னார். தமிழில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. ஊருக்குச் சொல்லும்போது என்ன சொல்லிச் சொல்வது? சாப்பிடுகிறாளில்லை என்றால், அடிச்சு வாயில தீத்து என்பார்கள்.

வீட்டில் சாப்பிடுகிறவளா என்று டொக்டர் என்னிடம் கேட்டார். ஓம், தினமும் சமைத்து வைக்கிறேன், வந்து பார்த்தால் சட்டி காலியாக இருக்கும் என்றேன். பழக்கதோசத்தில் சொன்னேன். ஆரணி கட்டிலில் இருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, அது ஒவ்வொரு நாளும் சிங்குக்குள்ள போனது. உங்களுக்குத் தெரியுந்தானே."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஏன் பிள்ளை ஊற்றினாய், சாப்பிடாவிட்டால் அப்படியே விட்டிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். மிச்சம் இருந்தால் நீங்கள் அழுவீங்கள் என்றாள். முதல் கிழமை கொஞ்சம் சாப்பிட்டதாகச் சொன்னாள். அந்தப் பூசணிக்காய்ப் பருப்பை. அது தண்ணியாக இருந்ததாம், பயம் வரவில்லையாம். சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை ஊற்றினாளாம்.

"பிறகு நீங்கள் நெய் விடத் தொடங்கிட்டியள். மூடியத் திறந்தா மேல மிதக்குது. அதுக்குப் பிறகு எனக்குப் பச்சைத் தண்ணியிலயும் நம்பிக்கை வரேல்லயம்மா."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்கிறமாதிரிச் சொன்னாள்.

நவம்பர் 15, வெள்ளி

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். சரியாகிவிட்டது என்பதால் அல்ல. உயிருக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்பதால். இதற்கென்று இருக்கிற சிகிச்சைப் பிரிவில் இடம் இல்லை, பெயரைப் பதிந்திருக்கிறோம், கூப்பிடுவார்கள். எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அதுவரைக்கும் என்ன செய்வது என்று கேட்டேன். பக்கத்தில் இருங்கள், வற்புறுத்தாதீர்கள், சாப்பாட்டில் எதையும் ஒளிக்காதீர்கள், சாப்பிடும்போது உற்றுப் பார்க்காதீர்கள் என்றார்கள். ஒரு தாயிடம் இருக்கிற ஆயுதங்கள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சறோ மச்சாள் போன் எடுத்தார். கோவிலில் கன பேரின் கண் பட்டுவிட்டதாம், நாவூறு பார்க்கவேண்டுமாம். முதல் முறையாக அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது. அவருக்கும் வேறென்ன தெரியும்? எனக்கும்தான் வேறென்ன தெரியும்?

வேலைக்குச் சொல்லிவிட்டேன், இப்போதைக்கு வரமாட்டேன் என்று. இவரும் மேற்கே போகிற ஓட்டத்தை மாற்றிக் கேட்டிருக்கிறார். போகிறதுக்கு முதல் குசினியில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இஞ்சேருமப்பா, அவள் சின்னனில என்ன விருப்பமாச் சாப்பிட்டவள்? எனக்கு ஒண்டும் ஞாபகம் வருகுதில்ல."

எல்லாம் சாப்பிட்டவள் என்றேன். அழுதுவிட்டார்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதவேண்டும்.

காலையில் சட்டியை மேசையில் வைத்து, நீயே போடு, நான் ஒன்றும் தொடமாட்டேன் என்று ஆரணியிடம் சொன்னேன். நெடுநேரம் சட்டியையே பார்த்தாள். பிறகு எழும்பிவந்து ஒரு சுண்டு அரிசி எடுத்துக் கழுவினாள். கழுவும்போதும் என் கையில் ஒரு கண். தண்ணீர் விட்டாள். உப்புப் போட்டாள். மூடினாள். லோவில் வைத்தாள். வெறும் கஞ்சி. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவள்போல.

பகல் முழுக்க நான் மூடியைத் திறக்கவில்லை. உடுப்புத் தோய்த்தேன், மடித்தேன், மடித்ததை உதறித் திரும்ப மடித்தேன். திறக்கவில்லை.

பின்னேரம், சாப்பிடும்போது பார்க்கக்கூடாது என்பதால், குப்பைப் பெட்டியை வீதிக்கரைக்குக் கொண்டுபோய் வைக்கிறேன் என்று வெளியே போனேன். முதல் பனி தூறிக்கொண்டிருந்தது. குப்பை எடுக்கிற நாள் இன்றைக்கல்ல. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலால் பார்த்துக் கை காட்டினார். நானும் காட்டினேன். காது விறைக்கும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.

அவள் குசினியில் இல்லை. சட்டி வார்மில். மூடியைத் திறந்தேன். கஞ்சியின் வளையம் மெல்லிசாக, வெள்ளையாகச் சுவரில் காய்ந்திருந்தது. கஞ்சி அந்த வளையத்துக்குக் கீழே நின்றது. ஒரு அகப்பை அளவு இறங்கியிருக்கும். அந்தப் புதிய மட்டத்தில் இரண்டாவது வளையம் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

நான் அங்கேயே நின்றிருக்கவேண்டும். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து அழுதிருக்கவேண்டும், முருகனைக் கும்பிட்டிருக்கவேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? தொட்டியின் வடிகட்டியைத் தூக்கிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். குசினிக் குப்பை வாளியைத் திறந்து, மேலே கிடந்த கடதாசிகளை விலக்கி, கையை உள்ளே விட்டேன்.

நிமிர்ந்தபோது ஆரணி வாசலில் நின்றாள். கையில் கழுவின கிண்ணமும் கரண்டியும். மேலே தன்னுடைய அறையில் வைத்துச் சாப்பிட்டு, குளியலறையில் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்குக் காட்டத்தான் கொண்டுவந்திருப்பாள்.

"சாப்பிட்டனான் அம்மா," என்றாள்.

என் கை வாளிக்குள் இருந்தது. ஓம் பிள்ளை, எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். எதைத் தெரியும் என்று சொல்வது? அவள் கிண்ணத்தையும் கரண்டியையும் சத்தம் வராமல் மேசையில் வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருக்கலாம்.

சட்டியை ஆறவிட்டேன். கழுவவில்லை. மிச்சக் கஞ்சியை வேறு பாத்திரத்தில் எடுத்துவைத்துவிட்டு, இரண்டு வளையத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். மேலே ஒன்று. கீழே ஒன்று. உண்மையாகவே இரண்டு.

நவம்பர் 18, திங்கள்

காலையில் சட்டியை மேசையில் வைத்துக் கூப்பிட்டேன். அவள் இறங்கி வரவில்லை. பிறகும் ஒரு தடவை கூப்பிட்டேன். அதற்கு மேல் கூப்பிடக்கூடாது என்று என்னையே பிடித்து நிறுத்தினேன்.

வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, பஞ்சால் மெல்லத் தேய்த்துக் கழுவினேன். வளையங்கள் போய்விட்டன.

நேற்று அவள் எடுத்த அதே சுண்டால் அரிசி அளந்தேன். தண்ணீர், உப்பு. வேறொன்றும் இல்லை. நெய்ப்போத்தலை மச்சாள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன். லோவில் வைத்தேன்.

இப்போது கண்ணாடி மூடியில் ஆவி படிந்துவிட்டது. உள்ளே என்ன நடக்கிறதென்று ஒன்றும் தெரியவில்லை. மேலே அவளுடைய அறையில் சத்தம் இல்லை. நான் குசினிக் கதிரையில் இருக்கிறேன். மூடியைத் திறக்கவில்லை.